பேராக் தோட்டங்களும் போர்க்காலச் சான்றுகளும்

போரில் வீழ்ந்தார்க்குக் கல் நட்டு, அதில் அவர்தம் பெயரையும் செயலையும் பொறித்து வைத்தல் தமிழர்தம் பழைய வழக்கம். தொல்காப்பியம் இதனை வெட்சித்திணையின் துறைகளுள் வைத்து முறைப்பட விளக்குகின்றது. பெயர் எழுதப்படாவிடின் மாண்டவர் நினைவும் மறையும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆயின் இரண்டாம் உலகப் போரின்போது மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குச் சென்று மடிந்த தமிழர், உயிரோடு பெயரையும் இழந்தனர். எஞ்சிய சான்றுகளையேனும் காக்க வழி உண்டா என்பதை இங்கு ஆராய்வோம்.

1941 டிசம்பர் 8 ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, அம்மாத இறுதிக்குள் ஈப்போவைக் கைப்பற்றியது. கம்பாரில் 1942 ஜனவரி 2 வரையும், சிலிம் ரிவரில் ஜனவரி 7 ஆம் நாளும் கடும்போர் நிகழ்ந்தது. இப்போர்களில் மாண்ட வீரர் பலர் தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். அங்குள்ள 850க்கும் மேற்பட்ட கல்லறைகளுள் 500க்கும் மேற்பட்டவற்றில் உறங்குவோர் இன்னார் என்று அறியப்படாதவர். எனினும் அவர்க்கும் தனித்தனியே கல் உண்டு.

இனித் தோட்டத் தமிழர் நிலையைக் காண்போம். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதையை 1942 இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். இதற்கென மலாயாவிலிருந்து 75,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழரே. முதலில் நல்ல கூலி என்று ஆசை காட்டினர். ஆள் குறைந்தபின் பிடித்து ரயிலேற்றினர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் மாண்டனர்.

அதே பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டோர் 12,000க்கும் மேல். போர் முடிந்ததும் 1945 இல் ஒரு குழு பாதை நெடுகச் சென்று அவர்தம் புதைகுழிகளைத் தேடிக் கண்டது. இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. தொழிலாளர் கிடந்த குழிகளையோ எவரும் அவ்வாறு தேடிற்றிலர்.

இவ்வேறுபாடு ஏன்? கைதிகளிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. அவருட் சிலர் மறைவாக நாட்குறிப்பு எழுதினர். ரொனால்ட் சேர்ல் என்பார் ஒளித்து வைத்துக் காத்த ஓவியங்கள் இன்று இலண்டன் போர்க்காட்சியகத்தில் உள்ளன. அக்காலத்துச் செய்திப்படங்களை எடுத்தோர் அரசினரும் படையினருமே. அவற்றில் தொழிலாளி தோன்றினும் பெயரற்ற கூட்டத்துள் ஒருவனாகவே தோன்றுவான்.

எழுதிவைத்த சான்று நிலைக்கும் என்பதற்குப் பேராக்கிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஈப்போவில் வாழ்ந்த ஈழத் தமிழ் மருத்துவர் ஒருவரின் மனைவியார் சிபில் கார்த்திகேசு. இவர் பாப்பானில் எதிர்ப்புப் படையினர்க்கு மருத்துவம் செய்தார். ஜப்பானியரால் 1943 இல் சிறைப்பட்டுக் கொடுந்துன்பம் உற்றார். 1948 இல் மறைந்த அவருடைய நினைவுரை 1954 இல் நூலாயிற்று. அந்நூல் இருந்தமையாலன்றோ பாப்பான் வீடும் பிற்காலத்தார் நாடிக் காணும் நினைவிடமாயிற்று!

தோட்டத் தொழிலாளியின் பெயர் எழுதப்பட்ட இடங்கள் சிலவே. செக்ரோல் புத்தகம், கோயில் கணக்கு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்பன அவை. போருக்குமுன் ஒரு பிள்ளைக்குத் தந்தை பெயரும், போருக்குப்பின் அதே பிள்ளைக்குக் காப்பாளராக மாமன் பெயரும் இருப்பின், அம்மாற்றமும் ஆராயத்தக்க சான்றாம். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பின்னர்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தன. லயங்களும் அலுவலகங்களும் மறைந்தபோது ஏடுகளும் உடன் அழிந்தன. எஞ்சியவை பழைய பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கக்கூடும்.

எனவே தமிழாசிரியர்கள் ஆற்றவேண்டிய பணி ஒன்றுண்டு. சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் முதலிய ஊர்களின் பழங்குடும்பங்களிடம் ஒரு வாழைமர நோட்டோ ஒரு நிழற்படமோ இருப்பின், அதனை வைத்திருந்தவர் யார், எத்தோட்டத்தினர், எப்போது கிடைத்தது என்பவற்றை உடனே எழுதுக. இக்குறிப்பில்லாப் பொருள் காட்சியகத்தில் ஊமையாகவே நிற்கும். சயாம் சென்று மீண்டோரில் அநேகமாக எவரும் இன்றில்லை. அவர் சொல்லக் கேட்ட மக்களும் முதியோராயினர். அவர்தம் மொழியை அவர் சொன்னவாறே பதிக. தாம் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது எனப் பிரித்துக் குறிக்க. முன்னரே பதிந்த ஒலிநாடாக்கள் ஈரக்காற்றில் கெடுவன. அவற்றைப் படியெடுத்தல் வேண்டும். 1883 இல் தோன்றிய தைப்பிங் பேராக் காட்சியகமும், 1957 இல் அமைந்த தேசிய ஆவணக்காப்பகமும் நம் நாட்டிலேயே உள்ளன. மூலத்தை அத்தகைய இடத்தில் ஒப்படைத்து, படியைப் பள்ளியில் வைத்தல் நன்று.

காஞ்சனபுரியில் 2023 ஆம் ஆண்டு தமிழர்க்கென நடுகல் ஒன்று எழுந்தது. காலம் கடந்தேனும் கல் நடப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. அக்கல்லுக்குரிய பெயர்களைத் தேடித் தொகுக்கும் வேலையோ இன்னும் நம் தோட்டத்து ஏடுகளிலும் முதியோர் நாவிலும் காத்திருக்கின்றது.