ஹெர்மயனி யாருக்காகத் திரும்பினாள்? ‘தி விண்டர்ஸ் டேல்’ நாடகத்தில் சமரசத்தின் எல்லை

துன்ப-இன்பியல் நாடகத்துக்கு ஜான் ஃபிளெட்சர் ஓர் இலக்கணம் வகுத்தார். ‘தி ஃபெய்த்ஃபுல் ஷெப்பர்டஸ்’ நாடகத்தின் முன்னுரையில் அது இருக்கிறது. யாரும் சாகாததால் இவ்வகை நாடகம் துன்பியல் ஆகாது. சிலர் சாவின் விளிம்புவரை போய்விடுவதால் வெறும் இன்பியலும் ஆகாது என்கிறார். அதே காலத்தில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘தி விண்டர்ஸ் டேல்’ (குளிர்காலக் கதை) இந்த இலக்கணத்துக்குள் அடங்குவதில்லை. 1623இல் வெளிவந்த முதல் ஃபோலியோ இதை இன்பியல் நாடகங்களின் வரிசையில் கடைசியாக வைத்தது. ஆனால் இதில் ஒரு சிறுவன் சாகிறான், ஒரு முதியவர் கரடிக்கு இரையாகிறார், ஒரு கப்பல் ஆட்களோடு மூழ்கிப்போகிறது. இவர்களில் ஒருவரும் ஐந்தாம் அங்கத்தில் உயிரோடு வந்து நிற்பதில்லை.

இந்த நாடகத்தைக் குற்றம், மனவருத்தம், மன்னிப்பு என்ற ஒரே நேர்கோடாகப் படிப்பதே பெருவழக்கு. சிசிலி மன்னன் லியான்டீஸ் மனைவியைச் சந்தேகித்தான். 16 ஆண்டு அழுது தீர்த்தான். அதன் பலனாக மனைவி திரும்பக் கிடைத்தாள் என்று கதை சொல்லப்படுகிறது. நாடகத்தின் சொற்களை நெருங்கிப் பார்த்தால் இந்தக் கோடு நடுவில் அறுந்து கிடப்பது தெரியும். ஹெர்மயனி திரும்பி வருவதற்குக் கணவனின் கண்ணீர் காரணம் என்று நாடகம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதில்தான் அதன் நேர்மை இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஒதெல்லோ’வில் இயாகோ இருக்கிறான், கைக்குட்டை இருக்கிறது. இங்கே தூண்டிவிடுவோரும் இல்லை, தடயமும் இல்லை. மூலக்கதையான ராபர்ட் கிரீனின் ‘பண்டோஸ்டோ’வில் (1588) அரசி விருந்தாளியின் படுக்கையறைக்கே போய் அவருக்குக் குறை ஏதும் உண்டா என்று பார்த்துவருவாள், மன்னனின் ஐயம் நாளாக நாளாக வளரும். ஷேக்ஸ்பியர் இந்தச் சாக்குகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். ஒன்பது மாதம் விருந்தாளியாக இருந்த பொஹிமியா மன்னன் பொலிக்ஸெனிஸ் ஊருக்குக் கிளம்புகிறான். அவனை இருக்கச் சொல்லுமாறு மனைவியை ஏவுவதே லியான்டீஸ்தான். அவள் கேட்கிறாள், அவன் ஒப்புக்கொள்கிறான், அவள் கை நீட்டுகிறாள். அவ்வளவுதான். அந்தக் கணத்தில் கணவனின் பேச்சு சிதறத் தொடங்குகிறது. வாக்கியங்கள் முடியாமல் நின்று இன்னொன்றுக்குத் தாவுகின்றன.

அடுத்து அவன் செய்வதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மகன் மமிலியஸைக் கூப்பிடுகிறான். பையனின் மூக்கில் அழுக்கு. அதைத் துடைத்துவிட்டபடியே, இந்த மூக்கு என் மூக்கின் அச்சு என்று ஊரார் சொல்கிறார்களே என்று ஆராய்கிறான். பையனின் முகத்தைப் பார்க்கையில் 23 ஆண்டு பின்னால் போய்ச் சிறுவனாக நின்ற தன்னையே கண்டதாகவும் சொல்கிறான். தகப்பனின் பாசமும் சாட்சியைச் சோதிக்கும் நீதிபதியின் பார்வையும் ஒரே கையில் கலந்திருக்கும் இடம் இது. மனைவி மீதான சந்தேகமாகத் தொடங்கியது, ‘இவன் என் பிள்ளைதானா’ என்ற கேள்வியாக மாற ஒரு பக்கம்கூட ஆகவில்லை. அமெரிக்கத் தத்துவவாதி ஸ்டான்லி கவெல் இந்த நாடகத்தை ஐயவாதத்தின் நாடகமாகப் படித்தபோது மகன்மீது விழுந்த இந்தப் பார்வைக்கே முதன்மை தந்தார். அது சரியான திசை. பழி சுமத்தப்பட்டது மனைவி மீது. அதன் முழு விலையைக் கொடுத்தது மகன்.

மூன்றாம் அங்கத்தில் ஹெர்மயனி மீது நடக்கும் வழக்கு விசாரணையில் ஷேக்ஸ்பியர் செய்த மாற்றம் இதை உறுதிப்படுத்துகிறது. கிரீனின் மன்னன், அரசி குற்றமற்றவள் என்ற அப்பல்லோவின் திருவாக்கு வாசிக்கப்பட்டதுமே வெட்கி மன்னிப்புக் கேட்கிறான். மகன் இறந்த செய்தி அதன் பிறகே வருகிறது. லியான்டீஸோ திருவாக்கில் உண்மையே இல்லை என்கிறான், விசாரணை தொடரட்டும் என்கிறான். அப்போது பணியாள் ஓடிவந்து இளவரசன் போய்விட்டான் என்கிறான். உடனே மன்னன் திருந்துகிறான். தெய்வ வாக்கால் அசையாதவனை ஒரு பிள்ளையின் பிணம் அசைத்தது. இந்த ஞானோதயத்தை மெச்சுவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு.

மயங்கி விழுந்த ஹெர்மயனியும் இறந்துவிட்டாள் என்று சொல்லும் அரசவைப் பெண் பாலினா, ஆயிரம் பேர் மொட்டை மலையில் ஆண்டாண்டு காலம் பட்டினி கிடந்து மண்டியிட்டாலும் தெய்வங்கள் உன் பக்கம் திரும்பமாட்டா என்ற பொருளில் சாடுகிறாள். பிறகு தன் கடுமைக்கு வருந்துகிறாள். ஆனாலும் தவத்தால் மன்னிப்பை ஈட்ட முடியாது என்ற கருத்து மேடையில் விழுந்தாயிற்று.

நான்காம் அங்கத்தின் ஆட்டு ரோமத் திருவிழா, ஆட்டோலிகஸின் திருட்டுத்தனம், பொஹிமியாவுக்கு ஷேக்ஸ்பியர் தந்த கடற்கரையைப் பென் ஜான்சன் கேலி செய்த கதை ஆகியவை இங்கே தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். லியான்டீஸ் குழந்தையிலேயே கைவிடச் செய்து ஆட்டிடையன் வளர்த்த, ஹெர்மயனியின் மகள் பெர்டிட்டாவைத் தன் மகன் புளோரிசெல் விரும்புவதை அறிந்த பொலிக்ஸெனிஸ், அவள் முகத்தை முள்ளால் கீறச் செய்வேன் என்று மிரட்டுகிறான். முன்பு அநியாயத்துக்கு ஆளானவனும் அரசன்தான். அவன் கோபத்துக்கும் பலியாக நிற்பது ஒரு பெண்தான்.

இனி ஐந்தாம் அங்கம். புளோரிசெல் சிசிலிக்கு வரும்போது பாலினா ஒரு கணக்குச் சொல்கிறாள்: மமிலியஸ் உயிரோடிருந்தால் இவனுக்கு இணையாக நின்றிருப்பான், இருவர் பிறப்புக்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. அவன் பேச்சை எடுத்தால் அவன் எனக்கு மறுபடி சாகிறான் என்று மன்னன் அவளைத் தடுக்கிறான். அத்துடன் அந்தப் பேச்சு நிற்கிறது. ஹெர்மயனியின் சிலை உயிர்பெறும் இறுதிக் காட்சியில் மமிலியஸின் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மகனின் வயதொத்த ஒருவன் அங்கேயே நிற்கிறான், மருமகனாக. இழந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்தலாம், இழந்தவரை நிறுத்த முடியாது என்பதை ஷேக்ஸ்பியர் வசனமின்றி நடிகர்கள் நிற்குமிடத்தால் சொல்லிவிடுகிறார்.

தந்தையும் மகளும் சேரும் காட்சி மேடையில் நடப்பதில்லை; அரண்மனையார் சிலர் வந்து விவரிக்கிறார்கள். பார்வையாளரின் கண்ணீர் முழுவதும் பாலினா வீட்டுச் சிலைக்காகச் சேமிக்கப்படுகிறது. அந்தச் சிலையின் முகத்தில் சுருக்கம் இருக்கிறது. ஹெர்மயனிக்கு இவ்வளவு சுருக்கம் இல்லையே என்று லியான்டீஸ் திகைக்கிறான். 16 ஆண்டு வயதைக் கூட்டிச் செதுக்கியது சிற்பியின் திறமை என்கிறாள் பாலினா. (1611 மே 15 அன்று குளோப் அரங்கில் நாடகம் பார்த்த சைமன் ஃபார்மனின் குறிப்பில் இந்தச் சிலை இல்லை. ஆகவே காட்சி பிற்பாடு சேர்க்கப்பட்டது என்று சிலர் வாதிட்டது, ஒரு பார்வையாளரின் ஞாபகத்தின்மேல் மிகையான பாரத்தை ஏற்றுவதாகும்.)

சிலை இறங்கி வருகிறது. கணவன் அவள் கையைப் பற்றுகிறான். அவள் அவனைத் தழுவுகிறாள் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிகிறோம். அவள் வாய் திறப்பது ஒரே ஒரு முறை, சில வரிகளுக்கு. தெய்வங்களை விளித்து மகளின் தலையில் அருள் பொழியக் கேட்கிறாள். பிறகு மகளிடமே சொல்கிறாள்: நீ உயிரோடிருக்கக்கூடும் என்று திருவாக்கு நம்பிக்கை தந்ததால், உன்னைக் காண என்னைக் காத்துக்கொண்டேன். அவளே தரும் காரணம் இது. 16 ஆண்டு மறைவு மகளுக்கான காத்திருப்பு. அந்தக் காலம் முழுதும் ஒரே நகரில் அழுதுகொண்டிருந்த கணவனின் தவம் அந்தக் காரணத்தில் இடம்பெறவே இல்லை.

தழுவல் பேச்சைவிடப் பெரிது, நாடகத்தில் உடலே மொழி, மௌனத்தை ஏன் குற்றப்பத்திரிகையாக வாசிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மௌனம் வெறுப்பு என்று நான் சொல்லவில்லை. அவள் கணவனை ஏற்கிறாள், தழுவல் பொய்யாகாது. ஆனால் ஏற்பதும் கடனைத் தள்ளுபடி செய்வதும் ஒன்றல்ல. இறுதி உரையில் லியான்டீஸ் மனைவியிடமும் நண்பன் பொலிக்ஸெனிஸிடமும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறான். கேட்ட மூச்சிலேயே மருமகனை அறிமுகப்படுத்துகிறான், எல்லோரையும் விரைவாக அழைத்துப் போகச் சொல்கிறான். பதில் சொல்ல யாருக்கும் இடைவெளி இல்லை.

அந்த அவசரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. தன் துணை இனிக் கிடைக்கமாட்டார், சாகும்வரை அழுவேன் என்கிறாள் பாலினா. மன்னன் கட்டளையிட்டதால் குழந்தை பெர்டிட்டாவைக் கொண்டுபோய்க் கரடி வாயில் மாண்ட அன்டிகோனஸின் மனைவி அவள். லியான்டீஸ் அவளுக்கு உடனே ஒரு கணவனைத் தேடித் தருகிறான். தன் முன்னாள் ஆலோசகர் கமில்லோவின் கையை அவள் கையோடு சேர்க்கச் சொல்கிறான். இழப்பைச் சரிக்கட்டும் அரச வழக்கம் இன்னும் அவனைவிட்டுப் போகவில்லை. பாலினா சம்மதித்தாளா என்பதற்கும் ஷேக்ஸ்பியர் ஒரு சொல்லும் எழுதவில்லை.