தேயிலை மலையும் காட்டுத் தேனீயும்

இலங்கையின் மத்திய மலைநாடு என்றதும் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவது தேயிலையே. அட்டனிலிருந்து தலவாக்கொல்லை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் ஒருவர், இருமருங்கும் மலைச்சரிவுகளில் படிந்து கிடக்கும் பசுமையைக் கண்டு வியவாதிருத்தல் அரிது. ஆயினும், அந்தப் பசுமையைச் சற்றே உற்று நோக்குவாராயின் ஒரு குறை அவருக்குப் புலப்படும். கண்ணுக்கெட்டிய தூரம் இலை இருக்கிறது. பூ மிகச் சிலவே. இத்துணை வளமான மலையில் பூ ஏன் அருகிற்று என்ற கேள்விக்கு விடை தேடினால், அது இருநூறு ஆண்டு வரலாற்றினுள் நம்மை அழைத்துச் செல்கிறது. அவ்வரலாற்றில் ஆளுநர்களும் துரைமார்களும் தொழிலாளரும் இருக்கின்றனர். அவர்களோடு காட்டுத் தேனீயும் இருக்கிறது.

இலங்கையில் ஏறக்குறைய 150 வகைத் தேனீக்கள் இருப்பதாக அறிஞர் கணக்கிட்டுள்ளனர். நாம் உண்ணும் தேனைச் சேர்த்து வைப்பவை அவற்றுள் நான்கே. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகட்டிலும் ஒற்றை அடையாகக் கூடு தொங்கவிடும் மலைத்தேனீ ஒன்று. சிங்கள மக்கள் இதனைப் பம்பரா என்பர். மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத்தேனீ இரண்டாவது. புதரில் சிறு கிளையைச் சுற்றி உள்ளங்கையளவு அடை வைக்கும் கொம்புத்தேனீ மூன்றாவது. இது பெரும்பாலும் தாழ்நில வெப்பத்தையே நாடுவது. கொடுக்கில்லாத கொசுத்தேனீ நான்காவது. எஞ்சிய வகைகளுட் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. மண்ணைத் துளைத்தும், காய்ந்த தண்டினுள் புகுந்தும், இலையை வட்டமாக வெட்டி எடுத்துச் சென்றும் அவை தம் குஞ்சுகளுக்கு அறை அமைக்கின்றன. அவற்றுக்கு அரசியும் இல்லை, படையும் இல்லை.

மலைநாட்டுத் தேனீயைப் பற்றி விரிவாக எழுதிய ஐரோப்பியருள் முற்பட்டவர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டு கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679 வரை அந்நாட்டுக் குடிகளோடு குடியாக வாழ்ந்த ஆங்கிலேயர் அவர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் மூவகைத் தேனீக்களை வேறுபடுத்திக் கூறுகிறது. பொந்தில் வாழும் தேனீயையும், உயர்ந்த கிளையில் கூடு கட்டும் பம்பராவையும், சிறுவர்களே நாடிச் செல்லும் கொசுத்தேனீயையும் அவர் கண்டு எழுதியிருக்கிறார். ஆண்டின் உரிய காலத்தில் ஊர் முழுவதுமே திரண்டு தேன் எடுக்கக் காட்டுக்குச் செல்லும் என்றும், நிறைந்த சுமையோடு திரும்பும் என்றும் அவர் கூறுகிறார். தேன் அன்று சந்தைப் பண்டம் மட்டுமன்று. ஊரார் ஒன்றுகூடிச் செய்த அறுவடை.

அந்த அறுவடைக்கு அடிப்படையாய் இருந்தது காடு. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காட்டில் நாவல் இனத்து மரங்களும், கீனா மரங்களும், செந்நிறப் பூக்கொத்துத் தாங்கும் காட்டுப்பூவரசும் நிறைந்திருந்தன. அவற்றின் நிழலில் ஆளுயரத்துக்கும் மேலாக அடர்ந்து வளர்ந்தது நெலு என்னும் செடி. தமிழர் குறிஞ்சி என்று போற்றும் செடியின் நெருங்கிய உறவு அது. நீலகிரியிலும் மூணாறிலும் பன்னீராண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சி, கடைசியாக 2006இலும் 2018இலும் மலர்ந்ததைப் பலர் அறிவர். இலங்கையின் நெலு வகைகளுட் பலவும் அவ்வாறே பல ஆண்டுகள் காத்திருந்து, ஒரே பருவத்தில் மலை முழுவதும் பூத்து, விதை உதிர்த்து மடிகின்றன. ஹோர்ட்டன் சமவெளியில் 2013ஆம் ஆண்டு அத்தகைய பெரும் பூப்பு நிகழ்ந்தது. குறிஞ்சி நிலத்துக்குத் தேனெடுத்தலை ஒரு தொழிலாகப் பழந்தமிழர் வகுத்தமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. குறிஞ்சி பூத்த ஆண்டில் தேன் பெருகும்; அவ்வளவே.

நுவரெலியாவில் 1848 முதல் ஓர் ஆங்கிலக் குடியிருப்பை நிறுவ முயன்ற சாமுவேல் பேக்கர், 1855இல் வெளியிட்ட நூலில் நெலுப் பூப்பையும் அதனைத் தேடி வரும் தேனீக் கூட்டங்களையும் குறிப்பிடுகிறார். 1859இல் எமர்சன் டெனன்ற் எழுதிய நூலோ வேறொரு செய்தியைத் தருகிறது. நெலு விதையைத் தின்று காட்டில் வாழ்ந்த எலிகள், விதை தீர்ந்த காலத்தில் பெருங்கூட்டமாகக் கோப்பித் தோட்டங்களுக்குள் புகுந்து மொட்டையும் பூவையும் அழித்தன என்பதே அது. காட்டுப் பூவின் கணக்கும் தோட்டத்து வரவு செலவும் வெவ்வேறு ஏடுகளில் எழுதப்பட்டவை அல்ல என்பதை அன்றைய தோட்டத்துரைமார் இவ்வாறு நட்டப்பட்டே அறிந்தனர்.

இனிக் கோப்பியின் கதைக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசுக்கு உரியதாக்கிற்று. அரசு அதனைத் தோட்டக்காரருக்கு விற்றது. கோடரியும் தீயும் மலையேறின. காட்டை அழித்தவர்களுள்ளும், அழித்த இடத்தில் கோப்பி நட்டவர்களுள்ளும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். 1820களில் தொடங்கிய அவர்களது வருகையின் இருநூறாவது ஆண்டை மலையகம் 2023இல் நினைவுகூர்ந்தது. 1870களின் இறுதியில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பிடித்திருந்தது.

காடு அழிந்தது பெரும் இழப்பே. ஆயினும் தேனீக்கு அப்போது ஓர் ஈடு கிடைத்தது. கோப்பி, பூவுக்கும் காய்க்குமாக வளர்க்கப்படும் பயிர். மழை பெய்த சில நாட்களில் மலைச்சரிவு முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்து மணக்கும். இரண்டு மூன்று நாளில் உதிரும். அந்தச் சில நாட்களும் மலைத்தேனீக்கும் அடுக்குத்தேனீக்கும் திருவிழா. கோப்பி தன் பூந்தூளாலேயே காய்க்க வல்லதெனினும், தேனீ வந்து சென்ற பூ நன்கு காய்க்கும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

1869இல் கோப்பி இலையில் மஞ்சட் பொட்டு ஒன்று தோன்றிற்று. இலைத்துரு நோய் அது. அதனை ஆராய 1880ஐ ஒட்டி இலங்கைக்கு வந்து தங்கிய மார்ஷல் வார்ட் என்னும் விஞ்ஞானி, அது ஒரு பூஞ்சையால் வருவதெனத் தெளிவாக்கினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே நோய் பரவ வழி செய்தது என்பது அவ்வழிவு கற்பித்த பாடம். கோப்பி வீழ்ந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பற்றிற்று. 1900ஆம் ஆண்டளவில் தேயிலை மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது. ஒரு தனிப்பயிர் போய் மற்றொரு தனிப்பயிர் வந்தது. கற்ற பாடம் ஏட்டில் நின்றது.

தேனீயைப் பொறுத்த மட்டில் இம்மாற்றம் முன்னதிலும் கடுமையானது. தேயிலைக்கு வேண்டுவது கொழுந்து. ஏழெட்டு நாளுக்கொரு முறை கொழுந்து கிள்ளப்படுகிறது. சில ஆண்டுகளுக்கொரு முறை செடி கவாத்து வெட்டப்படுகிறது. தானாக வளர விட்டால் மரமாக உயர்ந்து, வெண்ணிற இதழும் பொன்னிறக் கேசரமும் கொண்ட அழகிய பூக்களைத் தாங்கும் செடி அது. தோட்டத்திலோ இங்கொன்றும் அங்கொன்றுமாகவே பூ தலைகாட்டுகிறது. பூ மிகுந்தால் கொழுந்து குறையும். ஆகவே பூப்பதை எவரும் விரும்புவதில்லை.

தேயிலைக்கும் தேனீக்கும் இடையே எஞ்சியிருந்த ஓர் உறவும் பின்னர் அறுந்தது. தேயிலை பெரும்பாலும் தன் பூந்தூளால் கருக்கொள்வதில்லை. விதை வேண்டுமானால் ஒரு மரத்தின் தூள் மற்றொரு மரத்தைச் சேர வேண்டும்; அதனைச் செய்பவை ஈக்களும் தேனீக்களும். விதையால் பயிரைப் பெருக்கிய காலத்தில், கிள்ளாமல் வளரவிட்ட விதை மரங்கள் தோட்டங்களில் இருந்தன. 1925இல் நிறுவப்பெற்றுப் பின் தலவாக்கொல்லையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், தேர்ந்த செடிகளின் துண்டுகளை வேர்பிடிக்கச் செய்து நடும் முறையை வளர்த்தது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் அம்முறையே பரவிற்று. விளைச்சல் உயர்ந்தது, நாட்டுக்கு நன்மை விளைந்தது. விதை மரத்தின் தேவையோ குறைந்தது.

மலைநாட்டின் பூ முற்றாக அழியாமல் காத்தது ஒரு கட்டளை. தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையை ஏற்று, ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டை அழிக்கலாகாதென 1873இல் அரசு தடை விதித்தது. நீரூற்றுகளைக் காப்பதே அதன் முதல் நோக்கம். எனினும், நெலுவும் நாவலும் காட்டுப்பூவரசும் அதனாலேயே இன்றும் இருக்கின்றன. 1969இல் சரணாலயமான ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்ந்து உலக மரபுரிமைச் சொத்தெனப் பெயர் பெற்றது.

உச்சியில் காடு, கீழே தேயிலை. இவ்விரண்டுக்கும் இடையே பறப்பது மலைத்தேனீ. அது ஓரிடத்தில் நிலையாக வாழ்வதில்லை. பூக்கும் பருவத்தைப் பின்பற்றிக் கூட்டத்தோடு இடம் பெயர்வது. மனிதர் அமைக்கும் பெட்டியில் அடங்குவதும் இல்லை. 1880களின் தொடக்கத்தில் பிராங்க் பெண்டன் என்ற அமெரிக்கர் அதனைப் பிடித்துத் தம் நாட்டில் வளர்க்கும் எண்ணத்தோடு இலங்கைக்கு வந்தார், அம்முயற்சி கைகூடவில்லை. 1950களில் மார்ட்டின் லிண்டாவர் என்ற ஜெர்மானிய அறிஞர் இங்கு வந்து, பூ இருக்கும் திசையைத் தேனீக்கள் நடனத்தால் உணர்த்தும் முறையை வகைவாரியாக ஒப்பிட்டு 1956இல் வெளியிட்டார். பின்னர், கோனிகர் தம்பதியர் மலைத்தேனீயின் இடப்பெயர்ச்சியை இலங்கையில் ஆராய்ந்து 1980இல் எழுதினர். உலகத் தேனீ ஆராய்ச்சிக்கு இச்சிறு தீவு பள்ளிக்கூடமாய் விளங்கியிருக்கிறது.

அத்தேனீ மலைக்கு வரும்போது கூடு கட்ட உயர்ந்த மரம் வேண்டும். தோட்டங்களில் உயர்ந்து நிற்பவை சவுக்கு எனப்படும் கிரவிலியாவும், யூக்கலிப்டஸும், ஓடையோரத்தில் எஞ்சிய சில காட்டு மரங்களுமே. அம்மரங்களின் கீழேதான் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிரையிட்டு நிற்கின்றனர். தேன்பருந்து ஒன்று அடையைக் கிழித்தாலும், காற்றில் கிளை முறிந்தாலும், கூடு முழுவதும் சினந்து எழுகிறது. முதலில் கொட்டிய தேனீ விட்டுச்செல்லும் மணம் மற்றவற்றையும் அவ்விடத்துக்கே அழைக்கிறது. மலைநாட்டு வழக்கில் மலைத்தேனீயும் உண்மையான குளவியும் பெரும்பாலும் குளவி என்ற ஒரே பெயரால் வழங்குகின்றன. குளவிக்கொட்டு என்று நாளேடுகளில் அடிக்கடி இடம்பெறும் சிறு செய்திக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பெருந்துயர் இருக்கிறது. கூடையை முதுகில் சுமந்து, செங்குத்தான சரிவில், செடிகளுக்கு நடுவே நிற்பவருக்கு ஓடித் தப்புவதற்கும் வழியில்லை.

இதற்கு மாற்று, கூட்டைக் கண்ட இடமெல்லாம் தீயிடுவது என்று எண்ணுவோர் உளர். ஒரு கூட்டை எரித்தால் அடுத்த பருவத்தில் வேறொரு கூட்டம் அதே மரத்துக்கு வரக்கூடும். தேனீ தோட்டத்துக்குள் வந்து நெருங்குவதற்குக் காரணம், அதற்குரிய மரங்களை மனிதர் தோட்டத்துக்குள் மட்டுமே விட்டு வைத்ததாகும். கூடுள்ள மரத்தை முன்கூட்டியே அறிந்து குறியிடுதல், அது நீங்கும் வரை அம்மலையில் வேலையை நிறுத்திவைத்தல், கொட்டுண்டவரை விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வாகனம் அமைத்தல், ஓடையோரக் காட்டைத் தொழிலிடத்துக்கு அப்பால் மீண்டும் வளர்த்தல் ஆகியவை தொழிலாளரின் உயிருக்கும் தேனீயின் வாழ்வுக்கும் ஒருங்கே அரணாகும். இவற்றுள் எதுவும் ஒரு தோட்டத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

பெருந்தேனீயை அஞ்சும் கண்கள் சிறு தேனீயைக் காண்பதில்லை. லயத்தின் பின்புறம், சில முழ நிலத்தில், தொழிலாளர் குடும்பம் பூசணியும் தக்காளியும் கத்தரியும் பயிரிடுகிறது. பூசணியின் ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்குத் தூளைக் கொண்டு செல்வது தேனீ. தக்காளிப் பூவின் தூளோ ஒரு சிறு குழலுக்குள் அடைபட்டிருக்கிறது. நீலவரித் தேனீயும் துளைவண்டும் அப்பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமலே தம் தசையை அதிரச்செய்து, உப்புக் குப்பியை உதறுவதுபோல் தூளை உதிர்க்கின்றன. தேன் தரும் தேனீக்களுக்கு இவ்வித்தை தெரியாது. மலையோரங்களில் ஊதாநிறமாய்ப் பூக்கும் போவிட்டியாச் செடியும் இத்தகைய தனித்தேனீக்களையே நம்பியிருக்கிறது. போவிட்டியா பூத்த கரையில் வளரும் தேனீயே லயத்துத் தோட்டத்துக்கும் வருகிறது. களைகொல்லி தெளித்துக் கரைகளை வெறுமையாக்குவோர், தொழிலாளரின் உலையில் வேகும் கறியிலும் கைவைக்கின்றனர் என்பதை உணர்வதில்லை.

பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இயங்குகிறது. யூக்கலிப்டஸ் பூக்கும் காலத்தில் அடுக்குத்தேனீப் பெட்டிகளை ஊவா மலைகளுக்குக் கொண்டுசென்று தேன் எடுப்போர் உளர். ஒரு பெட்டித் தேன், நாட்கூலியை நம்பி வாழும் வீட்டுக்கு மறுக்கமுடியாத துணை.

நொக்ஸ் கண்ட காலத்தில் ஊரே திரண்டு தேனைத் தேடிச் சென்றது. இன்று தேனீ பூவைத் தேடி மலைதோறும் அலைகிறது. ஓடைக் கரையும், பாதையோரமும், செங்குத்தாய் இருப்பதால் தேயிலைக்கு உதவாத சரிவும் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அவற்றில் நெலுவும் நாவலும் போவிட்டியாவும் மீண்டும் வேரூன்ற இடங்கொடுத்தால், கொழுந்தின் நிறை குறையப்போவதில்லை. தேயிலைக்கு மலையைக் கொடுத்த நாடு, பூவுக்குக் கரையைக் கொடுக்கலாம்.