முதலாளியின் கையெழுத்து: லா சப்பல் தமிழ்த் தொழிலாளரும் பிரெஞ்சுத் தொழிற்சட்டமும்

பாரிஸின் 10ஆம் வட்டாரத்தில், லா சப்பல் பகுதியில் தமிழ்க் கடைகள் நிறைந்த ஃபோபூர் சென் தெனி வீதியின் மேல் முனையிலிருந்து லூயி பிளாங் வீதி பிரிந்து கால்வாய்ப் பக்கம் இறங்குகிறது. 1848 புரட்சியில் வேலை செய்யும் உரிமைக்காக வாதாடிய சோசலிசவாதியின் பெயர் அது. அந்த வீதியின் 27ஆம் எண்ணில்தான் பாரிஸ் தொழில் தகராறு நீதிமன்றமான 'புருதோம்' இருக்கிறது. லா சப்பல் சமையலறைகளிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லாதவருக்கு அந்த வாசல் நெடுந்தொலைவு. அந்தத் தொலைவு உருவான விதமே இக்கட்டுரையின் பொருள்.

இந்தத் தெருக்களில் ஒன்றாகப் புழங்கும் தமிழர் எல்லாரும் சட்டத்தின் முன் ஒரே நிலையில் வந்தவர்கள் அல்லர். 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்கீழ் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்த புதுச்சேரிக் குடும்பங்களுக்கு வேலை அனுமதி என்ற கேள்வியே எழவில்லை. ஈழத்தமிழர் வந்ததோ, 1974 ஜூலையில் பிரான்ஸ் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்திய பிறகு. அகதி விண்ணப்பம் ஒன்றே அவர்களுக்குப் பெரிய வழியாக இருந்தது.

அந்த வழி முதலில் தாராளமாகவே இருந்தது. 1983 கலவரத்தின் பின் வந்தவர்கள், 1985 மே மாதச் சுற்றறிக்கையின்படி, அகதி அலுவலகமான 'ஒப்ரா'வின் முடிவு வரும்வரை சட்டப்படி வேலை செய்யலாம். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு, 1984 ஜூலைச் சட்டம் உருவாக்கிய பத்து வருடக் கார்ட் கிடைக்கும். வதிவிடமும் வேலையும் ஒரே அட்டையில். உணவகங்களில் கோப்பை கழுவிய அந்தத் தலைமுறையில் பலருக்குச் சம்பளத் துண்டு இருந்தது.

1991 செப்டெம்பர் 26ஆம் தேதி, எதித் கிறெசோன் பிரதமராக இருந்தபோது வந்த சுற்றறிக்கை இதை முறித்தது. விண்ணப்பம் போட்டவுடன் வேலை செய்யும் உரிமை அத்துடன் போயிற்று. பொய் விண்ணப்பங்களைக் குறைப்பதே நோக்கம் என்றார்கள். ஆனால் ஆள் வருவது நின்றதா? வேலைதான் சட்டத்துக்கு வெளியே போனது. லா சப்பலின் 'கறுப்பு' வேலைக்கு முதலாளிகளின் பேராசையை மட்டும் காரணம் காட்டுவது வழக்கம். என் கணிப்பில் இந்தச் சில பக்கத் தாளுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. இன்றும் விண்ணப்பித்து ஆறு மாதம் கடந்த பிறகே வேலை அனுமதி கேட்க முடியும்.

இதற்குப் பத்தாண்டு முன்பே தொழிற்சட்டம் வேறு திசையில் நடந்திருந்தது என்பதுதான் விசித்திரம். அதுவரை, அனுமதி இல்லாதவரின் ஒப்பந்தமே செல்லாது என்று வாதாட முதலாளிக்கு இடமிருந்தது. 1981 அக்டோபர் 17 சட்டம் அதை அடைத்தது. ஆளைச் சட்டவிரோதமாக வைத்த குற்றம் முதலாளியுடையது. வேலை செய்தவரோ, சேர்ந்த நாள் முதல் முறையாகச் சேர்க்கப்பட்டவருக்குச் சமம். உழைத்த நேரத்துக்கு முழுச் சம்பளமும் விடுமுறைப் பணமும் உண்டு. வேலை முறியும்போது கிடைக்கும் குறைந்தபட்ச இழப்பீட்டை 2011 ஜூன் சட்டம் மூன்று மாதச் சம்பளமாக உயர்த்தியது. பதியாமல் மறைத்து வைத்த வேலை என்று நிறுவினால் ஆறு மாதச் சம்பளம்.

ஆக, ஒரே மனிதரைத் தொழிற்சட்டம் தொழிலாளி என்றது. வதிவிடச் சட்டம் இருக்கக் கூடாதவர் என்றது. வதிவிடத்துக்கு வேலையே சான்று என்ற நிலை வந்தபோது, இரண்டும் மோதும் இடமாக முதலாளியின் மேசை ஆனது. 2007 நவம்பர்ச் சட்டம் வேலை வழியாக வதிவிட அனுமதி பெறும் சிறு வாசலைத் திறந்தது. 2008 ஏப்ரலில் பாரிஸ் உணவகத் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஆபிரிக்கர்கள், வேலைநிறுத்தம் செய்து வேலைத்தலங்களிலேயே உட்கார்ந்து அதை அகலமாக்கினார்கள். அப்போதைய உள்துறை அமைச்சர் வால்ஸின் 2012 நவம்பர் 28 சுற்றறிக்கை கணக்கைத் தெளிவாக்கியது: ஐந்து வருட வாசம், கடைசி 24 மாதத்தில் 8 மாத வேலை அல்லது ஐந்து வருடத்தில் 30 மாத வேலை, கூடவே முதலாளி நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம்.

அந்தக் கையெழுத்தின் பலத்தை ஒரு சமையலறையில் வைத்துப் பார்க்கலாம். முதலாளியும் தமிழர், தொழிலாளி அவரை 'அண்ணை' என்றே கூப்பிடுவார், வேலை எடுத்துக் கொடுத்தவர் ஊர்க்காரர். துண்டில் வாரம் 20 மணி நேரம், அடுப்படியில் அதன் இரு மடங்கு, மிச்சம் கையில் காசாக. சில இடங்களில் துண்டில் இருப்பது இன்னொருவரின் பெயர். அப்படியானால், அந்தப் பெயரில் உழைத்தவர் இவரே என்று முதலாளி தனிக் கடிதமும் தர வேண்டும். மிகைநேரப் பணம் கேட்டால் அந்தக் கடிதமும் போகும், படிவமும் போகும். முதலாளிக்கும் பயம் உண்டு: அனுமதியற்றவரை வைத்திருந்ததற்கு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது சட்டம். எழுதிக் கொடுப்பது தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வதாகும் என்று தயங்குபவர் எல்லாரையும் கொடியவர் என்று சொல்ல நான் தயாரில்லை.

லூயி பிளாங் வீதியில் விசாரணை நடக்கும் விதம் பலருக்குத் தெரியாது. 1806இல் லியோன் பட்டுத் தொழிலுக்காகப் பிறந்த இந்த வகை மன்றத்தில் முதலாளிகள் தரப்பிலிருந்தும் தொழிலாளர் தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் உறுப்பினர் அமர்வார்கள். வாக்கு சமமானால் தொழில்முறை நீதிபதி வருவார். முதலில் சமரசப் பேச்சு, பிறகு விசாரணை. வேலை நேரத்தை முழுதாக நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் மட்டும் இல்லை. போதிய அளவு துல்லியமான விவரத்தை அவர் வைத்தால், முதலாளி தன் பதிவேட்டைக் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். அன்றன்று வந்த நேரமும் போன நேரமும் குறித்த ஒரு கொப்பி, 'நாளைக்குப் பத்து மணிக்கு வா' என்ற வாட்ஸ்அப் செய்தி, இவையெல்லாம் அங்கே எடுபடும். சம்பளப் பாக்கிக்கு மூன்று வருடமும், வேலைநீக்கத்தை எதிர்க்க 2017 முதல் ஒரு வருடமும் கெடு.

2024 ஜனவரி 26 சட்டம் முதலாளியின் படிவத்தைக் கடந்து செல்ல ஒரு வழி வைத்தது. ஆள் தட்டுப்பாடுள்ள தொழிலில் 24 மாதத்தில் 12 மாதம் வேலை செய்து, மூன்று வருடம் நாட்டில் இருந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். முடிவு மாவட்ட அரசுப் பிரதிநிதியான பிரெஃபெக்ட் கையில். 2026 டிசம்பர் 31 வரை மட்டும். அதற்கு வெளியே நிலைமை இறுகியது: 2025 ஜனவரிச் சுற்றறிக்கை வால்ஸின் ஐந்து வருடத்தை நீக்கி ஏழு வருட வாசத்தை அளவுகோலாக்கியது.

கையெழுத்து தேவையில்லை என்றாலும், அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குத் துண்டு வேண்டும். காசாக வாங்கியவரிடம் அது இராது. அவருக்குப் புருதோம் பாக்கியை வாங்கித் தரும் இடம் மட்டுமல்ல. கொடுக்காமல் விட்ட மாதங்களுக்கும் சம்பளத் துண்டு எழுதிக் கொடு என்று முதலாளிக்கு உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு.