கடலோரத்தில் நீந்தத் தெரியாமல்

எங்களுடையது மயிலிட்டியில் கடற்றொழில் செய்த குடும்பம். ஆனால் எனக்கு நீந்தத் தெரியாது. 1990இல் ஊர் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. வளர்ந்தது கடல் இல்லாத மல்லாகம் முகாமில். 27 ஆண்டுகள் கழித்து, 2017 யூலையில் துறைமுகம் திரும்பக் கிடைத்தபோது அப்பா நேரே போய்த் தண்ணீரில் இறங்கினார். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றேன்.

வடக்கில் நீச்சல் என்றால் இரண்டு பெயர்கள் உடனே வரும். 1954இல் மு. நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் இந்தியக் கரைவரை நீந்திப் போய், நீந்தியே திரும்பினார், 51 மணித்தியாலங்கள். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் இறந்தார். இவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது.

சாதாரணப் பிள்ளைகள் எங்கே நீந்திப் பழகினார்கள் என்பதுதான் அதிகம் எழுதப்படாதது. கடல், ஊர்க்குளம், கோயில் கேணி. இவற்றுள் கீரிமலைக் கேணி தனி ரகம். கடலை ஒட்டியே ஊறும் நன்னீர். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு மதில் கட்டிய இன்னொன்று. யாரும் கட்டணம் கேட்கவில்லை, பயிற்றுநரும் இல்லை. பெரியவர்கள் வயிற்றில் கை கொடுத்துத் தாங்கிப் பிடிப்பார்கள், பிறகு சொல்லாமல் கையை எடுத்துவிடுவார்கள். அம்மா அப்படித்தான் அங்கே பழகினார். பெண்கள் நீந்துவதை யாரும் புதினமாகப் பார்க்காத இடம் அது.

1990இற்குப் பிறகு அந்தக் கேணியும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. கடலுக்கு பாஸ், இரவுத் தொழிலுக்குத் தடை. அப்பாமார் தொழிலை இழந்தது கணக்கில் இருக்கிறது. பிள்ளைகள் நீச்சலை இழந்ததை யார் கணக்கெடுத்தார்கள்?

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்ததை ஒக்ஸ்பாம் மறு ஆண்டு அறிக்கையில் எடுத்துச் சொன்னது. இலங்கையில் நீச்சலும் மரமேறலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்படுவதை அது ஒரு காரணமாகக் காட்டியது. அந்த அலையின் வேகத்தில் நீச்சல் எல்லோரையும் காப்பாற்றியிருக்காதுதான். ஆனாலும் சிலரையாவது காப்பாற்றியிருக்கும்.

இன்று வல்வெட்டித்துறையில் ஆனந்தனின் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. நல்ல விசயம். ஆனால் எந்தத் தடாகத்தைப் பற்றியும் நான் முதலில் கேட்பது பதக்கங்களை அல்ல: பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் உண்டா, பழக்குவதற்குப் பெண் ஒருவர் இருக்கிறாரா, முழுக்கை உடுப்போடு இறங்க விடுவார்களா? கட்டணம் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்குக் கட்டுமா?

போன மாதம் அம்மாவுடன் கீரிமலைக்குப் போனேன். பெண்கள் கேணியில் மூன்றாவது படிவரை இறங்கினேன். அம்மா அறுபது வயதைத் தாண்டியவர். சேலையைச் செருகிக்கொண்டு என் வயிற்றுக்குக் கீழே கையை வைத்தார். "காலை அடி பிள்ளை," என்றார்.