படுக்கையும் பயிற்சியும்

முதுமை எய்தியோர்க்கு ஓய்வே உகந்தது என்பது நம்மிடையே வேரூன்றிய கருத்து. பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்றபொழுது நானும் அவ்வாறே எண்ணினேன். அவ்வெண்ணத்தை மாற்றியது, அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் வரலாறு.

1966-ஆம் ஆண்டில், இருபது வயதும் நல்ல உடல்நலமும் உடைய ஐந்து இளைஞர்கள் அங்கே மூன்று வாரம் படுக்கையிலேயே கிடந்தனர். கடுமையாக உழைக்கும்பொழுது உடல் பயன்படுத்தவல்ல பிராணவாயுவின் உச்ச அளவு, அம்மூன்று வாரத்தில் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிட்டது. பின்னர் எட்டு வாரம் கடும் பயிற்சி அளிக்கவே, இழந்த ஆற்றல் மீண்டது.

முப்பது ஆண்டு கழிந்தது. 1996-இல் அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். ஐம்பது வயதினராகி, உடலும் பருத்திருந்தனர். ஆயினும், முப்பது ஆண்டு முதுமை பறித்த ஆற்றல், இளமையில் மூன்று வாரப் படுக்கை பறித்ததினும் குறைவே! நடை, மெல்லோட்டம், சைக்கிள் மிதித்தல் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் கூட்டி, ஆறு மாதம் பயின்றனர். சராசரியாக நோக்கின், இருபது வயதில் படுக்கைக்கு முன்பிருந்த அளவை அவர்கள் எட்டிவிட்டனர்.

இது எவ்வாறு இயன்றது? இளமைப் பயிற்சியில், ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியைச் செலுத்த இதயம் பழகியிருந்தது. ஐம்பதில் அப்பொறுப்பைத் தசைகள் ஏற்றன. தம்மிடம் வரும் குருதியினின்று முன்னினும் மிகுதியாகப் பிராணவாயுவை ஈர்க்கக் கற்றுக்கொண்டன.

அன்பர்களே, ஐம்பதிலும் தசை நல்ல மாணவனே. அறுபதைக் கடந்த நான், மருத்துவரைக் கலந்தபின், சாய்வு நாற்காலியை மாலைக்கு ஒதுக்கிவிட்டேன். என் காலைப் பொழுது நடைக்கே உரியது.