ஏசி இல்லாமலே குளுகுளு மண்டபம்... தென்காசி, குற்றாலம் சொல்லித்தரும் கட்டடப் பாடம் என்ன?

மே மாத மதியம். தகரக் கூரை போட்ட ஊர் சமுதாய நலக்கூடத்தில் கல்யாணம். ஃபேன் எல்லாம் சுத்துது, ஆனா இறங்குறது அனல் காற்று. பந்தியில் சாப்பிட்ட கையோடு மொய் எழுதிட்டு, எல்லோரும் வெளியே வேப்பமர நிழலுக்கு வந்துடுறாங்க.

மக்கள் பணத்தில் கட்டின கூடத்தில் மக்களாலேயே உட்கார முடியவில்லை என்றால், தப்பு வெயில் மேலயா, கட்டடம் மேலயா? காற்றுக்கும் சாரலுக்கும் பெயர்போன தென்காசி வட்டாரத்தில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது.

தென்காசி காற்றில் அப்படி என்ன ஸ்பெஷல்?

மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நீண்டு கிடக்கிறது. அதில் சில இடங்களில்தான் இடைவெளி. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்குக் காற்றைக் கொண்டு வரும் முக்கியமான கணவாய்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக தென்மேற்குப் பருவக்காற்று நேராக தென்காசிக்குள் நுழைகிறது. குற்றால சீசனில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அந்தக் காற்றோடு சாரலும் சேர்ந்து வரும்.

சிக்கலும் இங்கேதான். நமக்கு வேண்டிய காற்று, வேண்டாத சாரல் ரெண்டுமே மேற்கில் இருந்துதான் வருது. ஜன்னலைத் திறந்தா நனையும், மூடினா புழுங்கும். அதனால் இந்த ஊரில் நல்ல மண்டபம் என்பது காற்றை உள்ளே விட்டு, மழையை வெளியே நிறுத்துவது.

கோபுர வாசலில் காற்று ஏன் தள்ளுது?

தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனவங்க எல்லோரும் சொல்லும் அனுபவம், ராஜகோபுர வாசலில் வேட்டி, புடவையைப் பிடிச்சுக்க வைக்கும் காற்று. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் இது. இப்போது நிற்கும் ஒன்பது நிலைக் கோபுரம் சுமார் 180 அடி உயரம். 1990இல் குடமுழுக்கு நடந்தது.

விஷயம் எளிமையானது. ஹோஸ் பைப் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பாயும் இல்லையா? அதேபோல பரந்து வரும் காற்று குறுகலான வழியில் நுழையும்போது வேகம் கூடும். கோயில் கிழக்கு பார்த்தது. காற்றோ மேற்கில் இருந்து வருது. வாசல் வழி கிழக்கு மேற்காக நீண்டு இருப்பதால் காற்று அதற்குள் புகுந்து பாய்கிறது. வழி ஆழமானது என்பதால் நடுவில் நிற்பவர் மேல் வெயிலோ மழையோ அதிகம் படாது.

சித்திர சபை சொல்வது என்ன?

குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்று தள்ளி இருக்கும் சித்திர சபை, நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே நடராஜர் சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். சுவர் நிறைய ஓவியம் உள்ள இடத்தில் ஈரம் இறங்கினால் எல்லாம் போச்சு. அதனால் இங்கே சரிவான கூரை வெறும் அழகு இல்லை. மழை தங்காமல் வழிந்து ஓடுவதற்கான வழி. முன்னால் தெப்பக்குளம். கோடையின் வறண்ட காற்று தண்ணீர் மேல் வீசும்போது கொஞ்சம் குளிரும். சீசனில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்தப் பலன் குறைவு.

இப்போ கட்டும் கூடங்களில் என்ன குறை?

தகர ஷீட் வெயில் பட்டதும் சூடேறி, அந்தச் சூட்டை அப்படியே தலைக்கு மேல் இறக்கும். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெப்பத்தை வாங்கி வைத்து, சாயங்காலத்துக்கு மேல் வெளியே விடும். ராத்திரி ரிசப்ஷனிலும் வேர்த்துக் கொட்டுவது இதனால்தான். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் காற்று உள்ளே வராது. வெளியேற வழி இருந்தால்தான் காற்று நுழையும்.

அப்போ எப்படிக் கட்டலாம்?

• திசை: கூடத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை, மாலை வெயில் சின்ன சுவர்களில் மட்டும் படும். பருவக்காற்று நீளவாக்கில் ஓடும்.

• மேற்குச் சுவர்: ஓட்டை விட்டுக் கட்டும் 'ஜாலி' செங்கல் சுவர். அதற்கு முன்னால் தாழ்ந்த கூரையோடு அகலமான தாழ்வாரம். சாரல் தாழ்வாரத்தோடு நின்றுவிடும், காற்று உள்ளே போகும்.

• கிழக்குப் பக்கம்: பெரிய திறப்பு. கூரை உச்சியிலும் வெப்பக்காற்று வெளியேற இடைவெளி.

• கூரை: சரிவான ஓட்டுக் கூரை. ஏற்கெனவே கான்கிரீட் தளம் என்றால் வெள்ளைப் பூச்சு. தெலங்கானா அரசு 2023இல் இதற்கென்றே 'கூல் ரூஃப்' கொள்கை கொண்டு வந்தது.

• மழைநீர்: 200 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 2,000 லிட்டர் தண்ணீர். தொட்டி இருந்தால் கை கழுவ, பாத்திரம் கழுவ உதவும்.

• இடம்: ஓடை, வாய்க்கால் பாதையை மறிக்கவே கூடாது. நிற்கும் மரத்தை வெட்டாமல் கட்டடத்தைத் தள்ளிப் போடுங்க.

செலவு எகிறுமா?

எகிறணும்னு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தை மையமாக வைத்து நூற்றுக்கணக்கான கட்டடங்கள் கட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த இவர் 1990இல் பத்மஸ்ரீ பெற்றவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டு சுவர் எழுப்பும் முறையை அவர் பரவலாக்கினார். இதில் சுமார் 25 சதவீத செங்கல் மிச்சம். அந்த வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும்.

நம்ம மாநிலத்திலேயே விழுப்புரம் மாவட்டம் ஆரோவில்லில், மண்ணோடு 5 சதவீதம் அளவுக்கு சிமெண்ட் சேர்த்து அழுத்திய கற்களால் பார்வையாளர் மையம் கட்டியிருக்கிறார்கள். இந்தக் கல்லை சூளையில் சுட வேண்டியதில்லை. விறகும் மிச்சம், புகையும் இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஓட்டுக் கூரையில் உடைந்த ஓட்டை மாற்றணும், ஜாலி ஓட்டையில் புறா கூடு கட்டாமல் பார்க்கணும். பராமரிப்புக்கு ஆள் வேணும். இதை பராக்கிரம பாண்டியனே யோசித்திருக்கிறார். தான் கட்டிய கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாக அவர் கல்வெட்டில் பொறித்து வைத்திருப்பது தென்காசியில் பிரபலம்.

நாம எங்கே கேட்பது?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குற்றாலம் மாதிரி பேரூராட்சி, தென்காசி மாதிரி நகராட்சி என்றால் பகுதி சபை. உங்க ஊருக்குப் புதுக் கூடம் வருதுன்னா, அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாடியே வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்க. மூணே கேள்வி போதும்: காற்று எந்தப் பக்கம் நுழையுது? எந்தப் பக்கம் வெளியே போகுது? மே 1 மதியம் இதுக்குள்ள உட்கார முடியுமா?

மூணாவது கேள்விக்கு 'முடியும்'னு பதில் வந்தால், மே 1 கிராம சபையை அந்தக் கூடத்திலேயே நடத்தலாம்.