தடுப்பூசி தேதி தவறிடுச்சா? மறுபடியும் முதல்ல இருந்து போடணுமா?

"ஊருக்குப் போயிருந்தோம், ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு. இப்போ போனா நர்ஸ் திட்டுவாங்களோ?" குழந்தைக்குத் தடுப்பூசி போடும் தேதியைத் தவறவிட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, போயிடுங்க.

முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். முன்பு போட்ட ஊசியை உடம்பின் எதிர்ப்பு சக்தி நினைவில் வைத்திருக்கும். 6, 10, 14-வது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் ஒன்று மட்டும் போட்டிருந்தால், மீதி இரண்டையும் குறைந்தது 4 வார இடைவெளியில் போடுவார்கள். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி உட்பட 5 நோய்களுக்கு எதிரான ஊசி அது.

ஆனால் வயது வரம்பு உண்டு. பிசிஜி ஊசியை ஒரு வயதுக்குள் போட வேண்டும். போலியோ சொட்டு மருந்தையும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியையும் 5 வயது வரை கொடுக்கலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ள முடியாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்று வருவதைத் தடுக்கத்தான் அவ்வளவு அவசரம்.

அதிகம் கைவிடப்படக்கூடியது தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது டோஸ். முதல் ஊசி 9 மாதத்தில், அடுத்தது 16 முதல் 24 மாதத்துக்குள். அதற்குள் குழந்தை ஓடியாட ஆரம்பித்துவிடும், அட்டை பீரோவுக்குள் போய்விடும். 9 மாதக் குழந்தையிடம் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி கொஞ்சம் மிச்சமிருக்கலாம். அது ஊசியின் வேலையைக் குறைத்துவிடும். அதனால் முதல் டோஸ் போட்ட குழந்தைகளில் சுமார் 85 சதவீதம் பேருக்குத்தான் பாதுகாப்பு கிடைக்கிறது. வேகமாகப் பரவும் தட்டம்மையைத் தடுக்க 95 சதவீதம் பேருக்காவது இரண்டு டோஸும் போய்ச் சேர வேண்டும்.

சளி, லேசான காய்ச்சல் இருந்தாலும் ஊசி போடலாம். கடுமையான காய்ச்சல் என்றால் டாக்டரிடம் கேளுங்கள். முந்தைய ஊசிக்குப் பிறகு வலிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பிசிஜி தழும்பு வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதற்காக மறுபடி போடுவதில்லை.

தமிழகத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாக புதன்கிழமை தடுப்பூசி நாள், கட்டணம் கிடையாது. அட்டை தொலைந்துபோயிருந்தாலும் போகலாம். முன்பு ஊசி போட்ட இடத்தின் பதிவேட்டில் விவரம் இருக்கும், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.